மேடை செட் வடிவமைப்பாளர் ஆக வேண்டுமா? வடசென்னையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காசிமேட்டுப் படகு ஆசாரி ஒருவரின் மகள். நாடக மேடைகளுக்கு செட் வடிவமைக்கும் வேலைக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் எந்தக் கல்லூரிக்குப் போனாலும், நிகழ்ச்சி முடிந்ததும் கதவருகே நான்கு பேர் காத்திருந்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் வேறு தொனியில் அதையே கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட தோரணையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். சில கேள்விகள் குத்தலாகத்தான் இருக்கும்.

அக்கா, செட் டிசைனர் என்றால் பந்தல் போடுகிறவரா, சினிமா ஆர்ட் டைரக்டரா?

இருவருக்கும் நான் ஒன்றுவிட்ட உறவு. பந்தல்காரர் ஓர் இடத்தை மூடி அலங்கரித்துக் கொடுக்கிறார். சினிமா கலை இயக்குநர் காமிரா பார்க்கப்போகிற பக்கத்தைக் கட்டுகிறார். காமிராவுக்குப் பின்னால் வெறும் சவுக்குக் கம்பும் கோணியும் இருந்தால்கூட யாருக்கும் தெரியாது. நாடகத்தில் முந்நூறு பேர் முந்நூறு கோணத்திலிருந்து இரண்டு மணி நேரம் விடாமல் பார்க்கிறார்கள். ஓரத்து நாற்காலிக்காரருக்குத் திரைக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கும் நடிகர் தெரிந்துவிட்டால் அன்றைய நாடகம் அவருக்கு அங்கேயே முடிந்துவிடும்.

நடிகர் எங்கிருந்து வருவார், எங்கே உட்காருவார், யாருக்குப் பின்னால் ஒளிவார், அது கடைசி வரிசைக்குத் தெரியுமா, இதையெல்லாம் தீர்மானிப்பதுதான் என் வேலை. கதவும் சன்னலும் படியும் அதற்குப் பிறகு வருபவை.

ஆபரா என்கிறார்களே, அது என்ன? நம் ஊரில் உண்டா?

முழுக்கதையையும் பாட்டாகவே நடத்தும் ஐரோப்பிய நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இசை நாடகத்தைப் பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்திருக்கும்: அங்கேயும் பாட்டில் வாதம் செய்வார்கள், பாட்டில் அழுவார்கள். வித்தியாசம் என்னவென்றால், ஆபராவில் மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் பெரிய இசைக்குழு உட்கார்ந்திருக்கும். பாடகர் ஒலிபெருக்கி இல்லாமல் அந்த வாத்தியங்களை எல்லாம் தாண்டிப் பாட வேண்டும். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) மைக் இல்லாமல் பாடிய கதையைத் தாத்தாக்கள் சொல்வார்களே, அந்த வகைக் குரல்.

சென்னையில் ஆபராவுக்கென்று கட்டிய அரங்கம் கிடையாது. மும்பையில் ராயல் ஆபரா ஹவுஸ் இருக்கிறது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்தார், பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது. எனவே ஆபரா செட் மட்டும்தான் செய்வேன் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு அடம்பிடிக்க முடியாது. ஆனால் அந்த வேலையைத் தெரிந்துகொள்வது நாடகத்துக்கும் பயன்படும். அந்த வேலை எப்படிப்பட்டது என்று பின்னால் சொல்கிறேன்.

நான் நன்றாகப் படம் வரைவேன். அது போதுமா?

போதாது. படம் வராவிட்டாலும் பெரிய குடி முழுகிவிடாது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்பவர் பக்கத்திலேயே "எனக்குப் படமே வராதே" என்று ஒரு பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்.

ஒரு காலத்தில் படம்தான் எல்லாமுமாக இருந்தது. பார்சி நாடகக் கம்பெனிகளின் பாணியில் நம் கம்பெனிகளும் தர்பார் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா என்று சுருட்டி வைத்திருந்தன. காடாத் துணியில் வஜ்ஜிரப் பசையும் நிறப்பொடியும் கலந்து பூசிய அந்தப் படுதாக்களை எழுதியவர்கள் பெரிய கலைஞர்கள். கோவில்பட்டியில் காலண்டர் ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற சி. கொண்டையராஜு நாடகத் திரைகளும் எழுதியவர்தான். ஆனால் தட்டையான காட்டுக்கு முன்னால் சதையும் எலும்புமாக ஒரு மனிதர் வந்து நின்றால் இரண்டில் ஒன்று பொய்யாகத் தெரியும். சுவிட்சர்லாந்து மேடை வடிவமைப்பாளர் அடால்ஃப் அப்பியா (1862–1928) இதைத்தான் பிடித்துக்கொண்டார்: வரைந்த மரத்தைத் தூக்கிப் போடு, படிகளும் மேடான தளங்களும் கொடு, மிச்சத்தை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும் என்றார். இன்றைக்கு உலகம் முழுவதும் நடக்கும் செட் வேலையில் பெரும்பகுதி அந்த யோசனையின் பேரப்பிள்ளை.

ஆகவே உங்களுக்கு வேண்டியது அளவு உணர்வு. ஓர் அறைக்குள் நுழைந்ததும் "இது பத்துக்குப் பன்னிரண்டு" என்று கண் சொல்ல வேண்டும். டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். தினம் மூன்று இடம் அளந்தால் ஆறு மாதத்தில் வந்துவிடும். படம் என்பது உங்கள் யோசனையை ஆசாரிக்குச் சொல்லத் தேவையான அளவுக்கு வந்தால் போதும்.

ஒரு நாடகம் கையில் கிடைத்தால் முதல் நாளிலிருந்து என்னதான் செய்வீர்கள்?

பிரதியை மூன்று முறை படிப்பேன். முதல்முறை சும்மா, கதைக்காக. இரண்டாம் முறை பென்சிலோடு: யார் எந்தப் பக்கம் வருகிறார், எத்தனை கதவு தேவை, "அலமாரியைத் திறந்தாள்" என்று எழுதியிருந்தால் அலமாரி நிஜமா பாவனையா, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே எத்தனை வினாடி. மூன்றாம் முறை இயக்குநரோடு உட்கார்ந்து. அவர் பெரும்பாலும் "ஒரு வெறுமை வேண்டும்" என்பது போல ஏதாவது சொல்வார். அதை அடி அங்குலத்துக்குக் கொண்டுவருவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பிறகு அரங்கத்துக்குப் போவேன். மேடையின் வாய் அகலம், ஆழம், உயரம், மேலே தொங்கவிடக் குழாய் இருக்கிறதா, அது எத்தனை எடை தாங்கும், மின்சாரம் எங்கே. ஒவ்வோர் ஓரத்து நாற்காலியிலும் உட்கார்ந்து பார்ப்பேன். எழும்பூர் அருங்காட்சியக அரங்கு 1896இல் வந்தது. அங்கே இருக்கைகள் மேடையை வளைத்துக்கொண்டு இருக்கும், ஓரத்தில் இருப்பவருக்கு மேடையின் ஒரு மூலை தெரியவே தெரியாது. வரைபடத்தில் அந்த இருக்கையிலிருந்து திரையின் விளிம்பைத் தொட்டு ஒரு நூலை இழுத்தால் எது தெரியும் எது மறையும் என்று பிடிபட்டுவிடும். முக்கியமான சாவு எதையும் அந்த மூலையில் வைக்கக் கூடாது.

அதன் பிறகு தரைப்படம், வெள்ளை அட்டையில் மாதிரி, இயக்குநரோடு சண்டை, திருத்திய மாதிரி, நிறம், ஆசாரிக்கும் வெல்டருக்கும் தனித்தனி வேலைப்படம். ஒத்திகை நடக்கும் இடத்தில் செட்டின் அளவைத் தரையில் சாக்பீஸால் வரைந்துவிடுவேன். நடிகர்கள் முதல் நாளிலிருந்தே கோட்டுக்குள் நடந்து பழகினால், மேடையில் கதவில் இடித்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் மேடையேற்றும் நாள்: விடியற்காலையில் ஏற்றி, மதியத்துக்குள் நிறுத்தி, வெளிச்சம் பார்த்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்து, மாலை மணி அடிக்கும்போது நான் அரங்கத்திலேயே மோசமான இருக்கையில் உட்கார்ந்திருப்பேன்.

நீங்கள் அடித்த பெரிய கூத்து எது?

கேட்டவன் கல்லூரிப் பையன். சிரித்துக்கொண்டே கேட்டான், சொல்கிறேன்.

என் மூன்றாவது நாடகம். ஐந்தடி அகலத்தில் கம்பீரமான மாடிப்படி ஒன்றை ஒரே துண்டாகச் செய்தோம். மேடையை அங்குலம் அங்குலமாக அளந்திருந்தேன். அரங்கத்தின் பின்வாசலை அளக்கவில்லை. அது மூன்றரை அடி. மாலை நான்கு மணிக்கு அரங்கத்தின் கொல்லைப்புறத்தில், சாமான் ஏற்றி வந்த குட்டியானை வண்டியின் மீதே வைத்து, என் அப்பா படகுப் பலகை அறுக்கும் ரம்பத்தால் அந்தப் படியை நீளவாட்டில் இரண்டாக அறுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போதெல்லாம் வாசல், வராந்தா, மாடிப்படித் திருப்பம், லிஃப்ட், தெருமுனை, அத்தனையும் அளந்த பிறகுதான் மேடைப்பக்கம் போகிறேன்.

கம்ப்யூட்டரிலேயே முப்பரிமாணமாகக் காட்டிவிடலாமே, அட்டை வெட்டி மாதிரி செய்வது பழைய காலத்து வழக்கம் இல்லையா?

கம்ப்யூட்டரும் தெரிந்திருக்க வேண்டும். வேலைப்படம் இன்று அதில்தான். ஆனால் திரையில் காட்டினால் இயக்குநர் "அருமை" என்று சொல்லிவிட்டு செல்பேசியைப் பார்ப்பார். அட்டை மாதிரியை மேசையில் வைத்தால் குனிந்து கண்ணை மேடை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார், விரலால் நாற்காலியை நகர்த்துவார். அப்போதுதான் உண்மையான பேச்சே தொடங்கும்.

வெளிநாட்டில் பெரும்பாலும் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்வார்கள். நம் ஆசாரிகள் அடி அங்குலத்தில் வேலை செய்கிறவர்கள் என்பதால் நான் இருபத்து நான்கில் ஒரு பங்காக வைத்துக்கொள்கிறேன்: அரை அங்குலம் ஓர் அடி. முப்பது அடி மேடை பதினைந்து அங்குலத்தில் முடிந்துவிடும். ஐந்தரை அடி மனிதர் இரண்டே முக்கால் அங்குலம். அந்த மனிதரை முதலில் வெட்டி நிறுத்திவிட்டுத்தான் சுவர் வெட்ட வேண்டும். மனிதர் இல்லாத மாதிரியில் எல்லா செட்டும் அரண்மனையாகத்தான் தெரியும்.

இதற்கென்று படிப்பு இருக்கிறதா? எங்கே?

டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி (1959இல் தொடங்கியது) மூன்றாண்டுப் படிப்பு தருகிறது. வடிவமைப்பைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும், நாடக அனுபவமும் கேட்பார்கள். விதிகள் மாறும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். பக்கத்தில் என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது, திருச்சூரில் நாடகப் பள்ளி இருக்கிறது.

வீட்டிலிருந்து போய்வர வேண்டும் என்றால் எழும்பூர் அருகே அரசு கவின்கலைக் கல்லூரி. 1850இல் தொடங்கிய பள்ளி. ஓவியம், சிற்பம் எல்லாம் உண்டு. செட் வடிவமைப்பு என்று தனிப்பட்டம் கிடைக்காது, ஆனால் கை பழகும். கட்டடக்கலை படித்துவிட்டு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு வரைபடம் சுத்தமாக இருக்கும், ஆனால் செட் ஐம்பது ஆண்டு நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள். அதைத் தணிக்கக் கொஞ்ச நாளாகும்.

என் அப்பா தச்சு வேலை செய்கிறார். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எனக்கு இதில் இடம் இருக்கிறதா?

தம்பி, செக் நாட்டில் யோசப் ஸ்வோபோடா (1920–2002) என்று ஒருவர் இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய மேடை வடிவமைப்பாளர்களில் ஒருவர். ஐரோப்பாவின் பெரிய ஆபரா அரங்குகள் அவரைக் கூப்பிட்டன. அவர் தொடங்கியது தச்சுப் பட்டறையில். பிறகு கட்டடக்கலை படித்தார். இரண்டாவது வரியையும் கவனி. பட்டறை உனக்குப் பாதி தூரம் கொடுக்கும்; மீதிக்குப் படிக்க வேண்டும், கல்லூரியில் இல்லாவிட்டாலும் நூலகத்திலாவது.

உனக்குத் தெரிந்தது பலருக்குத் தெரியாது. எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை, பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம் என்றால் இருபது கிலோவைத் தாண்டும். கல்லூரி முடித்து வருபவர் அப்படிப் பன்னிரண்டு பலகையில் சுவர் வரைந்துவிட்டு, காட்சிக்கு நடுவே இரண்டு பேர் அதைப் பத்து வினாடியில் நகர்த்துவார்கள் என்று எழுதி வைப்பார். நீயோ ரீப்பர் என்கிற மெல்லிய மரச் சட்டத்தில் காடாத் துணி இழுத்துக் கட்டி ஒரு கையால் தூக்கிக் காட்டுவாய். ஏதாவது ஒரு நாடகக் குழுவில் போய் ஆணி அடிக்கிறேன் என்று சேர்ந்துகொள். ஆணி அடிக்கும்போது பிரதியையும் வாங்கிப் படி.

சபாக்கள் எல்லாம் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருக்கின்றன. வடசென்னையில் இருந்துகொண்டு இந்தத் தொழில் நடக்குமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மன்னிக்கவும்.

நாடகம் இருந்த இடமே நம் பக்கம்தான். வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது. பெரிய கம்பெனிகள் எல்லாம் அங்கே இறங்கின. பம்மல் சம்பந்த முதலியார் ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருக்காரர். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து விக்டோரியா பொது மண்டபத்தில் அவர்கள் நாடகம் போட்டார்கள். சபாக்கள் தெற்கே குடிபோனதெல்லாம் பிந்திய கதை.

அது போகட்டும், பழம்பெருமையில் செட் நிற்காது. சாமான் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். துணிக்குக் கோடவுன் தெரு. நிறப்பொடிக்கும் ரசாயனத்துக்கும் நைனியப்ப நாயக்கன் தெரு. கீல், தாழ்ப்பாள், போல்ட்டுக்கு செம்புதாஸ் தெரு. மரத்துக்கு வால்டாக்ஸ் சாலை. தென்சென்னை வடிவமைப்பாளர் ஒரு கீலுக்காக ஆட்டோ பிடித்து இங்கே வருகிறார்; நான் நடந்து போகிறேன்.

காசிமேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். காட்டுக் காட்சிக்கு இலை இலையாக வெட்டிய படுதா தொங்கவிட்டால், வெட்டிய ஓரங்கள் தொய்ந்து தொங்கும். அதற்குப் பின்னால் வலை ஒட்ட வேண்டும். ஐரோப்பாவில் அதற்கென்றே வலை விற்கிறார்கள். எனக்குக் காசிமேட்டின் பழைய மீன்வலை போதும். இரண்டு முறை அலசி, வாடை போக வெயிலில் போட்டு, கறுப்புச் சாயம் ஏற்றினால் பத்தடிக்கு அப்பால் கண்ணுக்கே தெரியாது. வாடை முழுக்கப் போனதா என்பதை நடிகர்களிடம் கேட்காதீர்கள். மரப்படகு போய் ஃபைபர் படகு வந்த பிறகு அங்கே முளைத்த பட்டறைகளில் பாறை, தூண், சிலை எல்லாம் எடையில்லாமல் வார்த்துத் தருவார்கள். கயிறு முடிச்சு கற்றுக்கொள்ளவும் அதைவிட நல்ல பள்ளி கிடையாது. ஐரோப்பிய அரங்குகளில் மேலே கயிறு இழுக்கும் வேலைக்கு மாலுமிகள் இருந்தார்கள் என்றும், அவர்களுடைய சைகை சீட்டி என்பதால் மேடையில் சீட்டி அடிக்கக் கூடாது என்ற வழக்கம் வந்தது என்றும் சொல்வார்கள். மெய்யோ பொய்யோ, எங்கள் தெருவில் அதை யாரும் நம்ப மறுக்க மாட்டார்கள்.

குறை என்ன? பெரிய செட்டை நிறுத்திப் பார்க்க இடம் கிடையாது. சந்துக்குள் எட்டடித் தட்டி திரும்பாது. மாதவரம், மணலிப் பக்கம் கொட்டகையை நாள் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. முகவரியைக் கேட்டதும் முகம் மாறும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் முன்பணத்தை முழுதாக வாங்கிவிடுவேன்.

பெண் பிள்ளைக்கு இந்த வேலை சரிப்படுமா அம்மா? இரவெல்லாம் இருக்க வேண்டுமாமே?

தாய்மார்கள் கேட்பது. சரிப்படும். இரவு இருக்கத்தான் வேண்டியிருக்கும், மேடையேற்றும் நாட்களில். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது பெரிய உதவி, ஆனால் நம் வேலை கடைசி ரயிலுக்குப் பிறகுதான் முடியும். குழுவோடு பேசும்போதே வீட்டுக்கு வண்டி, பூட்டுள்ள கழிப்பறை, இரண்டையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். கூச்சப்படக் கூடாது.

ஏணியில் ஏறிய பெண்ணைக் கீழே இருந்து பார்க்கும் மேஸ்திரிகள் மூன்று நாள் பார்ப்பார்கள். நாலாம் நாள் நீங்கள் சொன்ன அளவு கச்சிதமாகப் பொருந்தினால் "அக்கா, அடுத்தது என்ன?" என்பார்கள்.

வருமானம் எவ்வளவு வரும்? உண்மையைச் சொல்லுங்கள்.

நாடகத்தை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்டுபவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. நானே திருமண மேடை, கண்காட்சி அரங்கு, பள்ளி ஆண்டு விழா, கிறிஸ்துமஸ் குடில், இயேசுவின் பாடுகளைக் காட்டும் தவக்காலத்துப் பாஸ்கா நாடகம், விளம்பரப் படம் எல்லாம் செய்கிறேன். அதில் வெட்கம் இல்லை. திரைப்படத்துக்குப் போனால் பணம் வரும். அதற்குச் சங்க உறுப்பினர் அட்டை, உதவியாளராகப் பல ஆண்டு என்று வேறு பாதை.

தொகையைவிட முக்கியம் அதை வாங்கும் விதம். வடிவமைப்புக் கூலி வேறு, கட்டும் செலவு வேறு. இரண்டையும் ஒரே தொகையாக ஒப்புக்கொண்டால் மரம் விலை ஏறும்போது உங்கள் கூலி கரைந்துபோகும். கூலியை மூன்றாகப் பிரியுங்கள்: ஒப்புக்கொண்டதும் ஒன்று, மாதிரி ஏற்கப்பட்டதும் ஒன்று, முதல் காட்சிக்கு முன் ஒன்று. முதல் காட்சிக்குப் பின் என்று ஒருமுறை விட்டேன். குழு ஊர் ஊராகப் போய் வந்தது, என் பணம் எந்த ஊரில் இறங்கியதோ தெரியவில்லை.

எங்கள் குழுவிடம் பணமே இல்லை. செட் வேண்டும் என்றால் என்ன செய்வது?

அம்மன் கோயில் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னால் கிரீடத்தின் முனை மட்டும் தெரியும், சலங்கை கேட்கும், பாட்டு வரும். திரை விலகும்போது துரியோதனன் வந்துவிட்டான். அந்தத் திரையும் ஒரு பெஞ்சும்தான் அஸ்தினாபுரம் முழுவதும்.

இல்லாத பணத்துக்குத் தெர்மோகோல் அரண்மனை செய்யாதீர்கள். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்; நாடகம் முழுவதும் பயன்படும் ஒன்று. ஒரு குழுவுக்கு ஒற்றைத் தள்ளுவண்டி மட்டும் கொடுத்தேன். அது கடையானது, கட்டிலானது, கடைசிக் காட்சியில் பாடையானது. அதற்கு ஆன செலவு அச்சாணி மாற்றியது மட்டும்.

இப்போதுதான் எல்இடி திரை வந்துவிட்டதே, இனி செட் எதற்கு?

மேடையில் படம் ஓட்டுவது புதிதல்ல. முன்னால் சொன்ன ஸ்வோபோடா 1958இலேயே பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் படத்தையும் நடிகர்களையும் சேர்த்து ஆடவைத்தார். திரையும் ஒரு படுதாதான். படுதாவுக்கு அப்பியா சொன்ன குறை இதற்கும் பொருந்தும், கூடவே இன்னொன்று: இது தானே வெளிச்சம் விடுகிறது. நடிகரின் முகம் மங்கி, பின்னால் அருவி பளபளக்கும். மக்கள் அருவியைப் பார்ப்பார்கள். திரையின் மேல் உட்கார முடியாது, கதவைச் சாத்த முடியாது. தேவையான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆபரா செட்டுக்கும் நாடக செட்டுக்கும் வேலையில் என்ன வித்தியாசம்?

முதல் வித்தியாசம் காது. மைக் கிடையாது என்று இரண்டாம் பதிலில் சொன்னேன். அதனால் பாடகருக்குப் பின்னால் கெட்டியான பரப்பு இருந்தால் குரல் முன்னே வரும். கனமான துணியும் திறந்த வெளியும் குரலைக் குடித்துவிடும். அழகாக இருக்கிறதென்று வெல்வெட் மலை கட்டினால் பாடகர் உங்களை மன்னிக்க மாட்டார். தூசும் புகையும் தொண்டைக்கு ஆகாது. தளம் நடக்கும்போது கிறீச்சிடக் கூடாது. பாடகர் எங்கே நின்றாலும் இசை நடத்துநரின் கைக்கோல் அவருக்குத் தெரிய வேண்டும், நேரிலோ பக்கத்தில் வைத்த சிறு திரையிலோ. கோரஸ் என்று ஐம்பது அறுபது பேர் ஒரே நேரத்தில் வருவார்கள். இரண்டரை அடிக் கதவு வைத்தால் பாட்டு முடிந்த பிறகும் வந்துகொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, காலம். பெரிய அரங்குகளில் இரண்டு ஆண்டு முன்பே வடிவமைப்பு தொடங்கிவிடும். ஜெர்மானிய அரங்குகளில் பௌப்ரோபே என்று ஒரு நாள் உண்டு: செட்டைக் கட்டுவதற்குப் பல மாதம் முன்பே பழைய தட்டி, கம்பு, துணியை வைத்து அதே அளவில் மேடையில் நிறுத்திப் பார்ப்பார்கள். தவறு அன்றே தெரிந்துவிடும். என் மாடிப்படிக்கு ஒரு பௌப்ரோபே இருந்திருந்தால் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு ஓர் ஆபரா, நாளைக்கு வேறொன்று என்று மாற்றி மாற்றிப் போடுவதால், சில மணி நேரத்தில் பிரித்து அடுக்கிவிடும்படி செட் இருக்க வேண்டும்.

இந்த வேகமாற்றம் பழைய வித்தை. 1640களில் வெனிஸ் நகரத்தில் ஜியாகோமோ டொரெல்லி என்ற மேடை வடிவமைப்பாளர் மேடைக்கு அடியில் ஓர் இயந்திரம் வைத்தார். ஒரே உருளையை இயக்கினால் இரண்டு பக்கத் தட்டிகளும் ஒருசேர நகர்ந்து காடு அரண்மனையாகிவிடும். சுவீடனில் 1766இல் கட்டிய டிராட்னிங்ஹோம் அரங்கில் அந்த வகை இயந்திரம் இன்னும் வேலை செய்கிறது. நம் ஊரில் ஆர்.எஸ். மனோகரின் நாடகங்களில் தந்திரக் காட்சிகளைப் பார்த்து வாய்பிளந்த தலைமுறைக்கு அந்த மகிழ்ச்சி தெரியும்.

தீயணைப்பு, பாதுகாப்பு எல்லாம் டிசைனர் வேலையா, அரங்கக்காரர் வேலையா?

கொளுத்தக்கூடிய பொருளைக் கொண்டுவருபவர் நீங்கள், எனவே உங்கள் வேலையும்தான். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் இரோகுவாய் அரங்கம் எரிந்தது. மேடை விளக்கு ஒன்றிலிருந்து துணியில் தீ பற்றியது. 602 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவே பிடிக்காத அரங்கம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

பருத்தித் துணிக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது: ஏழு பங்கு போராக்ஸ், மூன்று பங்கு போரிக் அமிலம், வெந்நீரில் கரைத்துத் துணியை நனைத்துக் காயவைப்பது. இரண்டும் நைனியப்ப நாயக்கன் தெருவில் கிடைக்கும். துவைத்தால் போய்விடும், மறுபடி நனைக்க வேண்டும். ஒரு துண்டை வெளியே எடுத்துப் போய்க் கொளுத்திப் பார்த்த பிறகே மேடைக்கு ஏற்றுங்கள். தெர்மோகோலை விளக்குப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவசர வழியில் செட் சாமான் அடுக்குபவரை நான் திட்டும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

படி கட்டினால் ஒவ்வொரு படியின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும். ஆறு, ஆறரை அங்குலம். ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடினாலும், இருட்டில் புடவையோடு இறங்குபவர் விழுவது அங்கேதான்.

இயக்குநர் சொல்வது அபத்தமாக இருந்தால்?

மாதிரியில் அதைச் செய்து காட்டுங்கள். பத்தில் ஏழு முறை அவரே "வேண்டாம்" என்பார். இரண்டு முறை நன்றாக இருந்து நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள். மிச்சம் ஒன்றுக்குத்தான் சண்டை தேவை, அதையும் சாக்பீஸ் கோடு போடும் முன் முடித்துவிடுங்கள்.

என் டிசைனை வேறொரு குழு அப்படியே எடுத்துக்கொண்டது. என்ன செய்யலாம்?

வரைபடமும் மாதிரியும் கலைப்படைப்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் "நீல வெளிச்சத்தில் ஒரு படி" என்கிற யோசனைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஒவ்வொரு படத்திலும் பெயரும் தேதியும் எழுதுங்கள், ஒப்பந்தத்தில் எத்தனை காட்சிக்கு என்று எழுதுங்கள். வழக்குப் போடுவதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள். இந்த ஊரில் நாடகக்காரர்கள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பாதித் தகராறு டீக்கடையிலேயே முடிந்துவிடும்.

நாடகம் முடிந்த பிறகு செட் என்ன ஆகும்?

தெரிந்துகொள்ளுங்கள், அழாதீர்கள். இரவு பத்து மணிக்குக் கைதட்டல், பதினொன்றுக்குச் சுத்தியல். ரீப்பரும் போல்ட்டும் அடுத்த நாடகத்துக்கு. துணியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் பூசலாம். எங்கள் தெருவில் ஓர் ஆட்டுக்கொட்டிலுக்கு ஒரு ராஜசபையின் பின்சுவர் கூரையாக இருக்கிறது. இரண்டாக அறுத்த மாடிப்படியின் ஒரு பாதி எங்கள் வீட்டுப் பரணுக்குப் போகிறது; இன்னொரு பாதியில் அம்மா துளசிச் செடி வைத்திருக்கிறார்.

இப்போது கையில் ஒரு கதவு இருக்கிறது. சட்டத்தோடு சேர்த்து அகலம் மூன்றே கால் அடி, உயரம் ஏழு அடி, இரண்டு பக்கமும் திறக்கும், பச்சை நிறம். நாடகக் குழு யாருக்காவது வேண்டுமென்றால் சும்மா தருகிறேன், வண்டிச் செலவு மட்டும் உங்களுடையது. வரும்போது உங்கள் அரங்கத்துப் பின்வாசலின் அளவை எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.